வகுப்பிலா, மதிய இடைவேளையிலா, அகாடமியிலா? பள்ளிக்குள் செஸ் கொண்டுவர நான்கு வழிகள்

2013-இல் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்கு மோதிய ஆண்டில், தமிழக அரசு 7 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே செஸ் கற்றுத்தரும் திட்டத்தைத் தொடங்கியது. 2022-இல் மாமல்லபுரத்தில் நாடுகளின் அணிகள் மோதும் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது பள்ளி, வட்டாரம், மாவட்டம் என்று எங்கும் போட்டிகள். 2024 டிசம்பரில் 18 வயது குகேஷ் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று உலக சாம்பியன் ஆனதும், பெற்றோர் கூட்டங்களில் பழைய கேள்வி திரும்ப வந்தது: "நம்ம ஸ்கூல்ல செஸ் ஏன் இல்ல?"

கேட்பது சுலபம். பதில் சொல்ல வேண்டிய தலைமையாசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும்தான் சிக்கல். எல்லாருக்கும் வாரம் ஒரு பீரியட் ஒதுக்குவதா, விருப்பமுள்ளவர்களுக்கு மன்றம் வைப்பதா, வெளியிலிருந்து பயிற்சியாளரை அழைப்பதா, கணினி அறையில் ஆட விடுவதா? செலவும் பலனும் ஒன்றுக்கொன்று நிறைய வேறுபடும். அதனால் எதை வைத்து எடை போடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது.

## எதை வைத்து எடை போடுவது?

எதற்காக? இதற்கு விடை தெரியாமல் பலகை வாங்கவே கூடாது. பள்ளிகள் பெரும்பாலும் சொல்லும் காரணம், "செஸ் ஆடினால் கணக்கு நன்றாக வரும்." இங்கிலாந்தில் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். 100 தொடக்கப் பள்ளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் 9, 10 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்திலேயே ஓராண்டில் 30 மணி நேரம் செஸ் சொல்லிக்கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு பொதுத் தேர்வின் கணக்கு மதிப்பெண்ணை ஒப்பிட்டால், செஸ் கற்றவர்களுக்கும் கற்காதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. முடிவு 2016-இல் வெளியானது. செஸ்ஸால் மதிப்பெண் கூடுவதாகச் சொன்ன முந்தைய ஆய்வுகளும் உண்டு. ஆனால் அவற்றில் பல, செஸ் கற்ற பிள்ளைகளை ஒன்றுமே கூடுதலாகச் செய்யாத பிள்ளைகளோடுதான் ஒப்பிட்டன. கேரம் சொல்லிக்கொடுத்திருந்தாலும் அதே பலன் வந்திருக்குமா என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை.

ஆகவே கணக்கு மதிப்பெண்தான் குறி என்றால், அந்த பீரியடைக் கணக்குக்கே கொடுத்துவிடலாம். பிள்ளைகள் ஒரு நல்ல விளையாட்டைக் கற்க வேண்டும், அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பழக வேண்டும், தோற்றால் கை கொடுத்து எழுந்துவர வேண்டும் என்பது குறி என்றால், செஸ்ஸுக்கு இடம் உண்டு. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது நோக்கத்தை வைத்தே பேசுகிறது.

எத்தனை பேருக்குச் சேரும்? கோப்பை வாங்கித் தரும் நாலு பேருக்கா, வகுப்பில் உள்ள 40 பேருக்கா?

எந்த நேரத்தை எடுத்துக்கொள்ளும்? பட்டியலில் அதிகம் மறைந்திருக்கும் செலவு இதுதான். காலஅட்டவணையில் காலி இடம் கிடையாது. செஸ்ஸும் விளையாட்டுதானே என்று பி.டி. பீரியடில் கை வைப்பதே வழக்கம். பாடம் முடிக்காதவர்கள் ஏற்கெனவே கடன் வாங்கித் தேய்ந்த பீரியட் அது. ஓட வேண்டிய நேரத்தில் பிள்ளைகளை மறுபடியும் உட்கார வைப்பது எந்த வகையிலும் லாபமில்லை.

யார் சொல்லிக்கொடுப்பது, இரண்டாம் ஆண்டும் ஓடுமா? ஆர்வமுள்ள ஒரே ஓர் ஆசிரியரை நம்பிய திட்டம், அவர் மாறுதலில் போன மறுநாளே நின்றுவிடும்.

பணம். இதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. மற்ற விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் செஸ்ஸில் பணம் பெரிய தடை இல்லை.

## வழி 1: எல்லாருக்கும் வகுப்பில் ஒரு பீரியட்

இதற்கு உலகில் பெரிய உதாரணம் ஆர்மீனியா. சுமார் 30 லட்சம் மக்கள்தொகை, 2006, 2008, 2012 என்று மூன்று ஒலிம்பியாட் தங்கம். அங்கே 2011 முதல் 2, 3, 4-ஆம் வகுப்புகளில் செஸ் கட்டாயப் பாடம். பாடநூல் எழுதி, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, நாடு முழுவதும் ஒன்றாக நடத்தினார்கள். நம்மூரில் ஒரு பள்ளி தனியாக இதைச் செய்யப் போனால் அந்தப் பின்பலம் எதுவும் இருக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

கணக்கு எளிது. 40 நிமிட பீரியட், வாரம் ஒன்று, 30 வாரம் என்றால் 20 மணி நேரம். இங்கிலாந்தில் 30 மணி நேரத்தில் வராத கணக்கு மதிப்பெண் இதில் வந்துவிடாது. ஆட்டத்தைக் கற்க இந்த நேரம் தாராளம். சொல்லப்போனால், ஆட்டத்தின் அடிப்படைக்கு 12 பீரியட் போதும். மீதி 18-ஐ என்ன செய்வது என்று தெரியாமல்தான் கட்டாய வகுப்புகள் நொண்டுகின்றன. 13-ஆவது வாரத்துக்குள் வகுப்பு மூன்றாகப் பிரிந்துவிடும்: பறக்கும் ஐந்தாறு பேர், ஓரளவு ஆடும் நடுக்கூட்டம், "எனக்குப் பிடிக்கல மிஸ்" என்று காய்களை அடுக்கிக் கோபுரம் கட்டும் பத்துப் பேர்.

வகுப்பில் முதலில் இடிப்பது பாடமல்ல, பெஞ்ச். போட்டி அளவுப் பலகையில் ஒரு கட்டம் 5 முதல் 6 செ.மீ. வரை இருக்கும், ஓரத்தையும் சேர்த்தால் பலகை அரை மீட்டரை நெருங்கும். நம் வகுப்பு டெஸ்க்கின் அகலம் அதைத் தாங்காது. தவிர, எல்லாரும் கரும்பலகையைப் பார்த்து ஒரே பக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். எதிரெதிரே உட்கார வழி இருக்காது. தொடக்க வகுப்பென்றால் தரையில் பாய் விரிப்பதே நல்லது. பெரிய வகுப்பென்றால் ஒன்று விட்டு ஒரு பெஞ்சைத் திருப்ப வேண்டும், அதற்கே ஐந்து நிமிடம் போகும். மின்விசிறி ஓடினால், சுருட்டி வைக்கும் ரோல் பலகையின் ஓரம் எழும்பிக் காய்கள் சரியும். சுருட்டும்போது அச்சடித்த பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி வைத்தால், விரிக்கும்போது ஓரங்கள் கீழ்நோக்கிப் படியும்.

40 பேருக்கு 20 செட், உதிரியாக 2 செட். ஒரு செட் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 11,000 ரூபாய்க்குள் முடியும். சுவரில் மாட்டும் விளக்கப் பலகை ஒன்று தனி. முதல் ஆண்டில் செஸ் கடிகாரம் வேண்டாம். முன்னாள் மாணவர்களிடம் கேட்க, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப்பள்ளி' திட்டத்திலும் வழி உண்டு. காய்கள் 32 அல்ல, 34 உள்ள செட்டாக, அதாவது ஒவ்வொரு நிறத்திலும் கூடுதலாக ஒரு ராணியோடு வாங்கவும். காரணம் பத்தாவது வாரத்தில் தெரியும்: சிப்பாய் கடைசி வரிசைக்குப் போனதும், "வெட்டுன காயைத்தான் திரும்ப எடுக்கணும், ராணி இன்னும் போர்டுலதான் இருக்கு" என்று ஒருவன் சண்டைக்கு நிற்பான். அது வீட்டு விதி. அசல் விதியில் முதல் ராணி இருக்கும்போதே இரண்டாவது ராணி வரலாம். யானையைத் தலைகீழாகக் கவிழ்த்து ராணி என்று சொல்வதும் வீட்டு வழக்கம்தான். போட்டியில் நடுவர் அதை யானையாகவே எடுத்துக்கொள்வார்.

அந்த 12 வாரத்துக்கு நன்றாக ஓடும் வரிசை இது. முதல் வாரம் பலகை வைப்பது (வலது கை மூலையில் வெள்ளைக் கட்டம், ராணி தன் நிறக் கட்டத்தில்), கட்டங்களின் பெயர். இரண்டாம் வாரமே ஆட்டம் தொடங்கிவிட வேண்டும்: இருபுறமும் எட்டு சிப்பாய்கள் மட்டும், யார் முதலில் கடைசி வரிசையைத் தொடுகிறாரோ அவருக்கு வெற்றி. இந்தச் சிப்பாய்ப் போர் ஐந்து நிமிடத்தில் முடியும், தோற்றவன் உடனே இன்னொன்று ஆடலாம். எல்லாக் காய்களின் நகர்வையும் முதல் நாளே சொல்லிக்கொடுப்பதுதான் புது ஆசிரியர்கள் செய்யும் தவறு. அடுத்த வாரம் வந்து பார்த்தால் குதிரை குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றிலிருந்து ஆறு வரை வாரம் ஒரு காய்: யானை, மந்திரி, ராணி, குதிரை. ஒவ்வொன்றையும் சிப்பாய்களோடு மட்டும் சேர்த்து ஆடவிடவும். குதிரைக்கு ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தால் ஆசிரியருக்கு வேலை மிச்சம்: வெள்ளைக் கட்டத்தில் நின்ற குதிரை கறுப்பில்தான் இறங்கும், கறுப்பில் நின்றது வெள்ளையில். நிறம் மாறவில்லை என்றால் நகர்வு தப்பு. அதைப் பிள்ளையே கண்டுபிடித்துக்கொள்ளும். ஏழாவது வாரம் செக் (ராஜா தாக்கப்படும் நிலை), அதிலிருந்து தப்ப மூன்று வழி: ராஜாவை நகர்த்து, நடுவில் காய் வை, செக் கொடுத்த காயை வெட்டு. எட்டாவது வாரம் இரண்டு யானைகளால் ராஜாவை ஓரத்துக்குத் தள்ளி ஆட்டத்தை முடிக்கும் ஏணி மேட். ஒன்பதாவது முழுக்க ஸ்டேல்மேட்டுக்கு. ராணியும் யானையும் கையில் இருக்க, தனி ராஜாவைத் துரத்தித் துரத்தி, செக் இல்லாத நிலையில் நகர இடமில்லாமல் அடைத்துவிட்டு, "ஜெயிச்சிட்டேன்" என்று எழுந்தவனிடம் "இது டிரா" என்று சொன்னால் நம்ப மாட்டான். அதனால் முழு ஆட்டம் தொடங்கும் முன்பே இதைப் பழக்கிவிட வேண்டும். பத்தாவது வாரம் கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே முறையில் சேர்ந்து நகர்வது), கடைசி வரிசைக்குப் போன சிப்பாயின் பதவி உயர்வு. கடைசி இரண்டும் முழு ஆட்டம்.

காய்களின் பெயரில் பள்ளி முழுக்க ஒரே சொல் இருக்கட்டும். ஒரு வீட்டில் யானை, இன்னொரு வீட்டில் கோட்டை. ஒருவனுக்கு மந்திரி, இன்னொருத்திக்கு பிஷப். எந்தப் பெயரானாலும் சரி, சுவரில் படம் போட்டு எழுதி ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

இது பொருந்தும் இடம்: 4, 5-ஆம் வகுப்பு, சொல்லிக்கொடுக்கத் தயாராக இரண்டு ஆசிரியர்கள், பி.டி. பீரியடைத் தொடாமல் நேரம் எடுக்க முடிகிற பள்ளி. ஓராண்டு முழுக்க வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள முதல் பருவத்தில் 12 பீரியட், அதோடு நிறுத்துங்கள்.

## வழி 2: விருப்பமுள்ளவர்களுக்கு மன்றம்

ஆட்டம் உண்மையில் வளர்வது இங்கேதான். வருகிறவர்கள் ஆசைப்பட்டு வருகிறார்கள். வாரம் ஒரு மணி நேரம், 30 வாரம் என்றால் 30 மணி நேரம். ஒரு பிள்ளை குறைந்தது 50 முழு ஆட்டங்களாவது ஆடிவிடும். 24 பேருக்கு 12 செட் போதும்.

ஆனால் எப்போது வைப்பது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. மாலை 4.30-க்கு மேல் என்றால் பேருந்தில் ஊர் திரும்பும் பிள்ளைகள் வர முடியாது. பெண் பிள்ளைகளை இருட்டுவதற்குள் வீட்டுக்கு அனுப்பச் சொல்வார்கள். டியூஷனுக்குப் போகிறவர்கள் அதைக் காரணம் காட்டி நிற்பார்கள். மிஞ்சுவது பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பையன்கள்தான். மதிய இடைவேளையில் சாப்பாடு முடிந்து கிடைக்கும் 25 நிமிடத்தை வாரம் இரண்டு நாள் பயன்படுத்தினால் அந்தச் சாய்வு பெருமளவு சரியாகும். ஆட்டம் பாதியில் மணி அடித்தால் என்ன செய்வது? நிலையை எழுதிவைக்கச் சொல்லலாம். இப்படித்தான் குறிப்பெழுதும் பழக்கம் வரும், கட்டாயப்படுத்தினால் வராது.

மன்றம் சோர்ந்துபோவது ஒரே ஒரு காரணத்தால்: வாராவாரம் அதே இரண்டு பேர் ஜெயிப்பது. இதற்கு ஏணிப் பட்டியல் நல்ல மருந்து. பெயர்களை அட்டையில் எழுதி மேலிருந்து கீழாகச் சுவரில் ஒட்டவும். யாரும் தனக்கு மேலே உள்ள இரண்டு பேரில் ஒருவரைச் சவால் விடலாம். ஜெயித்தால் இடம் மாறும். 18-ஆம் இடத்தில் இருப்பவளுக்கு 16-ஆம் இடம் இலக்கு, முதலிடம் அல்ல. பருவத்துக்கு ஒருமுறை போட்டி வைத்தால் தோற்றவரை வெளியேற்றும் முறை வேண்டாம். முதல் சுற்றிலேயே பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வேண்டிவரும். சுவிஸ் முறையில் (ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்கள் மோதுவது) 24 பேருக்கு ஐந்து சுற்று, எல்லாரும் ஐந்து ஆட்டமும் ஆடுவார்கள்.

ஒற்றைப்படையாக ஆள் வந்தால் மிஞ்சுகிறவருக்கு நடுவர் வேலை. தொட்ட காயை நகர்த்த வேண்டும் என்ற விதியை முதல் நாளிலிருந்தே கறாராக வைக்கவும். குறுவட்டப் போட்டிக்குப் போனபின் அங்கே அதைக் கற்றுக்கொள்வது கண்ணீரில்தான் முடியும்.

மறைந்திருக்கும் செலவு ஆசிரியரின் இடைவேளை. அவருக்கும் சாப்பிட நேரம் வேண்டும். இரண்டு பேர் முறை வைத்துக்கொள்வதோடு, 8-ஆம் வகுப்புப் பிள்ளைகள் இருவரைச் செயலாளராகப் போட்டுப் பலகை எடுப்பது, காய் எண்ணுவது, ஏணியை மாற்றுவது ஆகிய வேலைகளைக் கொடுத்துவிட்டால் ஆசிரியர் அறையில் இருந்தாலே போதும்.

இது பொருந்தும் இடம்: ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளும். ஒரு குறை மட்டும் உண்டு: செஸ் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளை மன்றத்துக்குத் தானாக வராது. வீட்டில் அப்பாவோ அண்ணனோ ஆடுகிற பிள்ளைகளே வந்து நிறைவார்கள்.

## வழி 3: வெளி அகாடமி

பயிற்சியாளருக்கு ஆட்டம் தெரியும், பள்ளிக்குத் தலைவலி குறைவு, கோப்பை வரும் வாய்ப்பும் அதிகம். கட்டணம் வாங்க முடிகிற தனியார் பள்ளிகள் இதைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கின்றன. பெற்றோர் கண்ணுக்குத் தெரியாத செலவுகள் பின்னால் வரும்: போட்டி நுழைவுக் கட்டணம், வெளியூர்ப் பயணம், புத்தகம், "வீட்டிலிருந்தே கூடுதல் வகுப்பு" என்று வரும் அடுத்த சந்தா. ஜெயிக்கும் நாலு பிள்ளைகள்தான் அகாடமிக்கு விளம்பரம் என்பதால், 30 பேர் கட்டும் பணத்தில் பயிற்சியாளரின் கவனம் நாலு பேருக்கே போகும். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவருடைய தொழிலின் கணக்கு அப்படி.

ஒப்பந்தம் போடும் முன் கேட்க வேண்டியவை சில. மாதிரி வகுப்பு எடுத்தவரேதான் வாராவாரம் வருவாரா? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள்? 20-க்கு மேல் என்றால் அது பயிற்சியாகாது, மேய்ப்பு. அவர் வராத நாளுக்கு மாற்று யார்? கட்ட முடியாத பிள்ளைகளுக்கு எத்தனை இடம்? அறையில் பள்ளி ஆசிரியர் ஒருவர் கண்டிப்பாக இருப்பாரா? கடைசிக் கேள்வியில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இது பொருந்தும் இடம்: மன்றம் ஓராண்டு ஓடி, பள்ளியில் யாராலும் ஜெயிக்க முடியாத ஐந்தாறு பேர் உருவான பிறகு. முதல் படியாக வைத்தால் பணம் போகும், பழக்கம் வராது.

## வழி 4: கணினி அறையும் செயலியும்

இணையத்தில் செஸ் ஆடும் லிசெஸ் (Lichess) தளம் முழுக்க இலவசம், விளம்பரம் கிடையாது. ஆசிரியரே வகுப்பு ஒன்றை உருவாக்கி, பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் இல்லாமலே கணக்குத் திறக்கலாம். குழந்தைகளுக்கான அமைப்பைப் போட்டால் அரட்டை வசதி அடைபடும். புதிர்கள் குவிந்து கிடக்கின்றன.

ஆனால் கணினி தப்பான நகர்வை அனுமதிக்காது. நன்மை போலத் தெரியும் இதுதான் குறை. ராஜா செக்கில் இருக்கிறார் என்பதைத் தானாகப் பார்க்கப் பிள்ளை பழகாது; திரை சிவப்பாக்கிக் காட்டும் வரை காத்திருக்கும். மரப்பலகைக்கு வந்ததும் தடுமாறும். ஒரு நிமிட ஆட்டங்களில் விழுந்துவிட்டால், உட்கார்ந்து யோசிப்பது என்ற நோக்கமே போய்விடும். வாரம் 20 நிமிடம் புதிர், அவ்வளவு போதும். தனி வழியாக இதை நம்ப வேண்டாம், மற்றவற்றுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம்.

## ஒரே பார்வையில்

| | வகுப்பு பீரியட் | மன்றம் | அகாடமி | செயலி |
|---|---|---|---|---|
| யாருக்குச் சேரும் | எல்லாருக்கும் | ஆர்வமுள்ளவர்களுக்கு | கட்ட முடிந்தவர்களுக்கு | கணினி எண்ணிக்கையைப் பொறுத்து |
| ஆண்டில் கிடைக்கும் நேரம் | 12 வாரமென்றால் 8 மணி, 30 வாரமென்றால் 20 மணி | சுமார் 25–30 மணி | ஒப்பந்தப்படி | வாரம் 20 நிமிடம் |
| வாங்க வேண்டியது | 22 செட், விளக்கப் பலகை | 12 செட் | பெரும்பாலும் அவர்களே கொண்டுவருவார்கள் | இணையம் |
| மறைந்த செலவு | வேறு பாடத்தின் நேரம் | ஆசிரியரின் இடைவேளை | போட்டி, பயணம், கூடுதல் வகுப்பு | பலகைப் பழக்கம் வராது |
| எங்கே முறியும் | 13-ஆவது வாரத்தில் | ஆசிரியர் மாறுதலில் | பணம் நின்றால் | இணையம் நின்றால் |

## எந்தப் பள்ளிக்கு எது?

இரண்டு ஆசிரியர் மட்டுமே உள்ள தொடக்கப் பள்ளி என்றால் வழி 1-இன் 12 வாரம் மட்டும், 4, 5-ஆம் வகுப்பைச் சேர்த்து. கற்று முடித்த பிள்ளைகளிடம் ஐந்தாறு செட்டைக் கொடுத்துவிட்டால் இடைவேளையில் தாங்களே ஆடிக்கொள்வார்கள்.

நடுநிலை, உயர்நிலைப் பள்ளி என்றால் முதல் பருவத்தில் ஒரு வகுப்புக்கு 12 வாரம், காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மதிய மன்றம். இந்த இரண்டையும் சேர்ப்பதுதான் இருக்கும் வழிகளிலேயே சிறந்தது என்பது எங்கள் முடிவு. ஒன்றின் குறையை மற்றது அடைக்கிறது: வகுப்பால் எல்லாருக்கும் ஆட்டம் அறிமுகமாகிறது, பிடிக்காதவர்களை மன்றம் வலுக்கட்டாயமாக இழுப்பதில்லை.

கோப்பைதான் வேண்டும் என்று நிர்வாகம் வெளிப்படையாகச் சொன்னால் அகாடமியை அழைக்கலாம். ஆனால் அதைப் பள்ளி முழுமைக்குமான செஸ் கல்வி என்று பெற்றோரிடம் சொல்லக் கூடாது.

மைதானமே இல்லாத பள்ளி, பி.டி. பீரியடை எடுத்தால்தான் செஸ் வைக்க முடியும் என்றால் இப்போதைக்கு வைக்காமல் இருப்பதே மேல். முதலில் பிள்ளைகள் ஓட இடம் தேடுங்கள்.

எந்த வழியானாலும் ஒரு சின்ன வேலையை முதல் நாளே செய்துவிடுங்கள். ஒவ்வொரு செட்டுக்கும் எண் எழுதிய ஜிப் பை; பைக்குள் 34 என்று எழுதிய சீட்டு; ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் எண்ணிக் கொடுத்தால்தான் வெளியே போகலாம். ஒரு கறுப்புச் சிப்பாய் தொலைந்த செட்டில் முதலில் ஒரு பட்டன் வந்து உட்காரும், பிறகு ஒரு சாக்பீஸ் துண்டு, மூன்றாவது மாதம் அந்தப் பையை யாரும் எடுக்க மாட்டார்கள். பீரோ சாவி தலைமையாசிரியர் மேசையில் ஒன்று, மன்றச் செயலாளர் கையில் ஒன்று.